மலைமேல் கை நனைக்காமல்

நவம்பர் 17, திங்கள். சாங்ஷா நகர ஓட்டல்

கிரீஸ் கம்பெனிக்காரன் வருசா வருசம் கொடுக்கும் டைரி இது. கோவில்பட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கும்போது, யார் வண்டிக்கு எந்த பிரேக் ஷூ சொல்லிவிட வேண்டும் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் எழுதியதில்லை. இன்றைக்குச் சீனாவில், ஹூனான் என்ற மாகாணத்தில், ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் உருப்படியாகப் பாஸ் செய்தது தமிழ் ஒன்றில்தான். அதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

வந்த காரியம் இது. மகள் மகேஸ்வரி ஷென்ஜெனில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் லுவோ ஜுன் என்ற பையனைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாள். போனில் சொன்னாள்: "வந்து பாருங்கப்பா. அவன் வீட்டப் பாருங்க, அவங்க அப்பா அம்மாவப் பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். நான் மறுபேச்சு பேசமாட்டேன். பாக்காம மட்டும் சொல்லாதீங்க."

மறுபேச்சு பேசமாட்டேன் என்றாளே, அதுதான் எனக்கு உதறல். சண்டை போட்டால் வசதி. பாக்கியத்தோடு குடும்பம் நடத்தி, சண்டையில் தோற்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். சண்டையே போடாத ஆளிடம் என்ன செய்ய?

பையனின் பெற்றோர் ஒரு மலைமேல் விடுதி நடத்துகிறார்கள். நாளைக்கு ஏறுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை இறங்குகிறோம். இறங்குவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

பையனை இன்று ஏர்போர்ட்டில் பார்த்தேன். என்னை 'அங்கிள்' என்கிறான். பெட்டியை வாங்க வந்தான், நான் கொடுக்கவில்லை. எஸ்கலேட்டரில் பெட்டி என்னை இழுத்துக்கொண்டு போனது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கடையில் இத்தனை வருசமாக, "அண்ணாச்சி, இது சைனா ஐட்டம், நான் கியாரண்டி கிடையாது" என்று சொல்லியே வியாபாரம் செய்தவன் நான். இந்தக் கல்யாணம் நடந்தால் கோவில்பட்டியில் என் பேச்சை எனக்கே திருப்பிக் கொடுப்பார்கள். ஆட்சேபத்துக்கு அது ஒன்று போதும். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

மகேசின் ஸ்கூட்டர் கடையில்தான் நிற்கிறது. ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே, அதற்காக. இந்த ஞாயிறு அதை யார் செய்வார் என்று தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய். மலை

மலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன். பையன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'மேகத் திரை' என்று அர்த்தமாம். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நம் கழுகுமலையை நெடுக்குவாட்டில் அறுத்து அறுத்து, துண்டு துண்டாக நட்டு வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித் தூண் தூணாக நிற்கிறது. ஒவ்வொரு தூணின் தலையிலும் நாலு மரம். இடையில் அடியே தெரியாத பள்ளம். கேபிள் காரில் தொங்கிக்கொண்டு ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். பாக்கியம், "என்னங்க, பாருங்க, என்னா அழகு" என்று இடித்துக்கொண்டே வந்தாள். "கண்ணுக்குள்ளேயே வச்சுப் பாக்கேன்" என்றேன்.

கீழ் ஸ்டேஷனில்தான் முதல் தப்பு. சாமான் பைகளைத் தனிப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். எங்கள் சாப்பாட்டுப் பை கனமாக இருந்ததால் அடுத்த நடையில் வரும் என்றான் அங்கிருந்த ஆள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தட்டை, சத்துமாவு, எலுமிச்சை ஊறுகாய், எல்லாம் அதில். பையன் நின்று வாங்கி வருகிறேன் என்றான். நான் பெருந்தன்மையாக, "பரவாயில்ல, வரட்டும்" என்றேன். நாங்கள் மேலே வந்து சேர்ந்ததும் காற்று பிடித்துவிட்டது. கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டுப் பை ஏன் இவ்வளவு முக்கியம் என்று எழுத வேண்டும். எங்கள் வழக்கத்தில், சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. பேசலாம், உட்காரலாம், சிரிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். என் அப்பா தன் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு வாய் பணியாரம் தின்றுவிட்டு, அதற்காகவே என் பெரியம்மாவைப் பெரியப்பாவுக்குக் கட்டி வைத்தார் என்பார்கள். அதனால் இந்த மலையில் நான் வாயைத் திறப்பது பேச மட்டும்தான்.

விடுதிக்காரரும் அவர் மனைவியும் வாசலில் நின்றார்கள். குட்டையான மனிதர், காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தது. அவர் மனைவி தியென் என்ற பெயர்க்காரி, என் மகளைக் கண்டதும் முதலில் செய்த காரியம், அவள் கழுத்துத் துணியை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டது. அதன் பிறகுதான் எங்களுக்கு வணக்கம். இதை நான் குறையாகத்தான் எழுதுகிறேன். பெரியவர்களை முதலில் வரவேற்க வேண்டாமா?

உள்ளே போனால் மேசை நிறைய. வேகவைத்த மீன்மேல் நறுக்கிய சிவப்பு மிளகாயைக் கொட்டி வைத்திருந்தார்கள். கத்தரிக்காய், பூண்டு, ஆவி பறக்கும் சோறு. இந்த மாகாணத்துக்காரர்கள் நம்மை மிஞ்சிய காரப் பிரியர்கள் என்று மகேசு எனக்குச் சொல்லவே இல்லை. சப்பென்று ஏதோ வரும், மறுப்பது சுலபம் என்று நம்பி வந்தேன். மேசையைப் பார்த்ததும் வயிறு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது.

பசியில்லை என்றேன். அடுத்து, வயிறு சரியில்லை என்றேன். வெந்நீர் கொடுத்தார்கள். வெந்நீர் கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக் குடித்துவிட்டேன். பாக்கியத்தின் கைப்பையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தது. அறைக்கு வந்து ஆளுக்குக் கொஞ்சம் தின்றோம்.

நவம்பர் 19, புதன்

காற்று நிற்கவில்லை. பை வரவில்லை.

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டேன், இரண்டு முறுக்கோடு. மாத்திரைக்கு மேல் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதை பாக்கியம் நினைவுபடுத்தினாள். டாக்டருக்குப் பெண் இல்லை, இரண்டும் பையன் என்று நான் நினைவுபடுத்தினேன்.

பகலில் பக்கத்துப் பாறையில் உள்ள கண்ணாடிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். தரை கண்ணாடி. காலுக்குக் கீழே பள்ளம், பள்ளத்தில் மேகம். எங்களைப்போல மேலே மாட்டிக்கொண்ட ஜனமெல்லாம் அதன்மேல் நின்று போட்டோ எடுக்கிறது. செருப்புக்கு மேலே துணி உறை மாட்டிவிட்டார்கள், கண்ணாடி கீறாமல் இருக்க. நான் கைப்பிடியை விட்ட இடம் ஒன்றுமில்லை. ஒரு சின்னக் குழந்தை என்னைத் தாண்டித் தவழ்ந்து போனது.

ஒன்று கவனித்தேன். பாதை குறுகும் இடத்தில் எல்லாம் அந்தப் பையன் பள்ளத்துப் பக்கம் போய்விடுகிறான். மகேசு பாறைப் பக்கம். பேச்சை நிறுத்தாமலே மாறிக்கொள்கிறார்கள். நமக்காக நடிக்கிறானோ என்று, பின்னால் தங்கி, அவர்கள் அறியாமல் இரண்டு மூன்று திருப்பத்தில் பார்த்தேன். அதேதான். நடிப்பு என்றால் நல்ல நடிப்பு.

ராச்சாப்பாட்டுக்கும் பசியில்லை என்றேன். விடுதிக்காரம்மா சமையலறைக்குள் போய்விட்டார். வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மகேசு எங்கள் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அப்பா, அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? எங்க கிச்சன் சுத்தமா இல்லையா, வந்து பாக்கச் சொல்லு, மறுபடியும் கழுவுதோம்னாங்க."

வழக்கத்தைச் சொல்லிவிடு என்றேன். சொன்னால் அவர்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்றாள். சொல்லாவிட்டால் அதைவிடக் கஷ்டம் என்றாள் பாக்கியம்.

"நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கீங்களா?" என்றாள் மகேசு.

"பாக்க வந்தேன். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பசியோட பாத்தா எதுவும் நல்லாத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுபேச்சு பேசமாட்டேன் என்றவள் பேசிய மறுபேச்சு இவ்வளவுதான்.

பாக்கியத்துக்கு மலைக் காற்று நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது. என்னைப்போல வாடவில்லை, முகம் தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் சமையலறைப் பக்கம் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். கையில் லேசாகப் பூண்டு வாசனை.

நவம்பர் 20, வியாழன்

காற்று. பை இல்லை. முறுக்கு தீர்ந்தது.

சாயங்காலம் மேலும் எழுதுகிறேன். மகேசு வழக்கத்தைச் சொல்லிவிட்டாள். மத்தியானம் நாங்கள் மேசைக்கு வந்தபோது என் இடத்தில் கிண்ணம் இல்லை. விடுதிக்காரர் எடுத்துவிட்டிருந்தார். வெந்நீர் டம்ளர் மட்டும் இருந்தது. கிண்ணம் இருந்தபோது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு லேசாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவரும் சாப்பிடவில்லை. எனக்கு எதிரே ஒரு வெந்நீர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டம்ளரை எடுத்தால் அவரும் எடுத்தார். பிறகு போனை எடுத்து அதில் பேசி, என் பக்கம் திருப்பினார். அது தமிழில் பேசியது. செய்தி வாசிப்பது போலப் பேசுகிற பெண் குரல்: 'அவசரம் இல்லை. மலை எங்கும் போகாது.'

நானும் போனில் பதில் சொன்னேன். "நீங்க எதுக்குப் பட்டினி கிடக்கீங்க, நீங்க சாப்பிடுங்க." அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார், எனக்கும் சேர்த்து.

ஊர்ப் பெரிய மனுசங்க பஞ்சாயத்தில் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். எதிர்த்துப் பேசுகிறவனைச் சமாளிக்கலாம். இந்த மனிதர் என்னோடு சேர்ந்து பட்டினி கிடக்கிறார்.

லேசான தலைச்சுற்றல். உயரம்தான் காரணம்.

நவம்பர் 21, வெள்ளி

இவருக்கு உடம்பு சரியில்லை. இன்று ஒன்றும் எழுதக் கூடாது என்று டைரியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். இவர் எழுதியதை எல்லாம் வாசித்துவிட்டேன். பூண்டு வாசனை பற்றி எழுதியிருப்பதையும். நான் புதன்கிழமையே சாப்பிட்டாச்சு. கரண்டியில் சாப்பிட்டால் கை எங்கே நனைகிறது? — பாக்கியலட்சுமி

நவம்பர் 22, சனி

டைரி திரும்பக் கிடைத்தது. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை காற்று அடங்கி வானம் வெளுத்தது. கேபிள் கார் ஓடும், ஆனால் முதலில் இங்கே மாட்டிக்கொண்ட ஜனங்களை இறக்கிய பிறகுதான் சாமான் என்றார்கள். இந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காட்சி, மேகம் திரைபோல் விழுந்து தூண்களை மூடி மூடித் திறப்பது, இப்படிக் காற்று அடங்கிய காலையில்தான் தெரியுமாம். விடுதிக்காரர் ஒரு குழந்தைபோல வந்து நின்றார். தன் மலையை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தாராம்.

பாக்கியம் என்னை இருக்கச் சொன்னாள். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெந்நீரைக் குடித்துவிட்டு, கிளம்பிவிட்டேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்று நினைப்பார்களே. பயந்தவன்தான், ஆனால் அது வெளியே தெரிய வேண்டியதில்லை.

பாறையைக் குடைந்து போட்ட படிக்கட்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இரும்புச் சங்கிலி. சங்கிலி முழுக்கச் சிவப்பு நாடாக்களும் பூட்டுகளும். வேண்டுதலாம். முன்னால் பையனும் மகேசும், பிறகு பாக்கியமும் தியென் அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு, பிறகு நான், கடைசியில் விடுதிக்காரர். இவர் ஏன் எனக்குப் பின்னால் வருகிறார், முன்னால் போய் வழிகாட்டக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது.

பாதி வழியில் வேர்த்தது. அந்தக் குளிரில் சட்டை முதுகில் ஒட்டியது. சங்கிலியைப் பிடித்தேன், பிடித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. நாடாக்களின் சிவப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடியது. முன்னால் மகேசு திரும்பி என்னவோ கேட்டாள். வாய் அசைவது தெரிந்தது. ஒன்றுமில்லை, நீ பாத்துப் போ என்று சொல்ல நினைத்தேன். நாக்கு வரவில்லை. கால் படியைத் தேடியது, படி அங்கே இல்லை.

பின்னாலிருந்து ஒரு கை என் பெல்ட்டைப் பிடித்தது. அப்படியே பாறைப் பக்கமாக இழுத்து உட்காரவைத்தது. முன்னால் போன பையன் எப்படி வந்தான் என்று தெரியவில்லை, எனக்கும் சங்கிலிக்கும் நடுவில் சங்கிலிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. மேகம். அவன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டது கேட்டது. அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன் என்று இன்றைக்குச் சாதிக்கிறான். மகேசு கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டாள்.

பாக்கியம் "சீனி, சீனி" என்று கத்தினாள். யாரிடமும் சீனி இல்லை. விடுதிக்காரர் தன் உள்பையில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அதில் இருந்ததை உடைத்து என் வாயில் திணித்தார். வெல்லம், கடலை, ஏலக்காய். கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்.

மென்றேன். இன்னொன்று. இன்னொன்று. உலகம் மெதுவாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

முதலில் பேசியது நான்தான். "இது எங்க ஊரு மிட்டாய். இவருகிட்ட எப்படி?"

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வந்த அன்னைக்கே நான்தான் கொடுத்தேன். பொண்ணக் கொடுக்கப் போற வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாக?" என்றாள்.

அதாவது, நான் மலைமேல் பட்டினி கிடந்து காப்பாற்றிக்கொண்டிருந்த முடிவை இவள் ஊரிலிருந்தே பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

என் செருப்பு ஒரு காலில் கழன்றிருந்தது. மகேசு குனிந்து, அதை மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகும் என் காலை விடவில்லை.

இறங்கி வந்ததும் தியென் அம்மா கஞ்சி கொடுத்தார். குடித்தேன். அப்போது வழக்கம் யோசிக்கிற நிலையில் இல்லை. இன்று தெளிந்த பிறகு யோசித்தேன். கை நனைந்தாயிற்றே, முடிந்தது கதை, நான் சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்று படுத்துக்கிடந்தேன். யாரோ முடிவை என் கையிலிருந்து எடுத்துவிட்டால் நிம்மதியாகத்தான் இருந்தது என்று எழுதினால் பாக்கியம் வாசிப்பாள். அதனால் எழுதவில்லை.

மத்தியானம் விடுதிக்காரர் வந்தார். மகேசையும் கூட்டிக்கொண்டு வந்தார், போன் வேண்டாம் என்று. கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முதலில் சொன்னது: நேற்றிலிருந்து குடிக்கிற கஞ்சி மருந்து, அது கணக்கில் வராது. மிட்டாய் உங்கள் ஊர்ச் சரக்கு, அதுவும் வராது. உங்கள் கை இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. நன்றி சொல்ல வேண்டிய இடம். சொன்னேன்.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிறையப் பேசினார். மகேசு மொழிபெயர்க்காமல் நின்றாள். "என்னம்மா சொல்லுதாரு?" என்றேன்.

"அவரும் இன்னும் சரின்னு சொல்லலையாம்ப்பா. இவ்வளவு நாளும் எனக்கே தெரியாது. உங்களப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னு அவன்கிட்டச் சொல்லியிருந்தாராம்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நேற்று மயங்கி விழுந்தவன் என்று யாரும் சொல்ல முடியாது. "ஏன்? எம்பொண்ணுக்கு என்ன குறை? கேளு அவருகிட்ட. படிப்பு குறையா, குணம் குறையா? நீ இந்த வீட்டுக்கு வர இவங்க கொடுத்து வச்சிருக்கணும். அதையும் சொல்லு."

"அப்பா."

"சொல்லுன்னா சொல்லு."

சொன்னாள். எவ்வளவு சொன்னாளோ. அவர் பதறிக் கையை ஆட்டினார். மகள்மேல் ஒரு குறையும் இல்லையாம். பயம் என்மேல்தானாம். ஒரே பையன். மகளுக்காக இத்தனை நாள் பட்டினி கிடக்கிற மனிதர், ஒருநாள் என் பையனையும் சேர்த்துத் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார், பிறகு இந்த மலையில் நானும் என் மனைவியும் யாருக்குச் சமைப்பது என்று கேட்டார்.

இதை மொழிபெயர்த்து முடித்ததும் மகேசு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் காது சிவந்திருந்தது. உள்ளே குளிர் இல்லை. என் கடையில், மாற்று சாமான் கிடைக்காத பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் எப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அறையில் கண்ணாடி இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் எங்கள் சாப்பாட்டுப் பை. சாமான் பெட்டி விடியலில் ஓடியிருக்கிறது. பையன் போய்க் காத்திருந்து, முதுகில் சுமந்து கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஊறுகாய் ஜாடி உடையவில்லை.

பாக்கியம் பையைப் பிரித்தாள். சத்துமாவு கரைக்கட்டுமா, புளிக்காய்ச்சல் இருக்கிறது, வெறும் சோறு மட்டும் வாங்கிப் பிசைந்து தரட்டுமா என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகேசு வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். கழுத்துத் துணி சரியாகச் சுற்றியிருந்தது.

நான் வெளியே போனேன். குழாயில் தண்ணீர் ஊசிபோலக் குத்தியது. முழங்கை வரைக்கும் கழுவினேன். சமையலறைக்குள் போய், அவர்கள் வீட்டார் உட்காரும் சின்ன மேசையில், சுவர்ப் பக்கமாக உட்கார்ந்தேன்.

தியென் அம்மா அடுப்பில் நின்றார். என்னைப் பார்த்தார். அவர் கை கரண்டியோடு அப்படியே நின்றது. சம்பந்தி விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர் விறகைக் கீழே வைக்காமல் நின்றார்.

சோறு என்று எனக்கு அவர்கள் மொழியில் தெரியாது. மேசையைக் காட்டினேன்.

கிண்ணம் வந்தது. அதன்மேல் மிளகாய் போட்ட கத்தரிக்காய். கரண்டியும் குச்சியும் வந்தன. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கையாலேயே பிசைந்து ஒரு வாய் வைத்தேன். காரம் காதுவரைக்கும் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது காரத்தால்தான். மகேசு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் அவளுக்குப் பின்னால்.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் எப்படிச் சாப்பிடுவது? ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. விருந்தாளியாக வந்தவன் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான். உறவுக்காரன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"உப்பு பத்தல" என்றேன்.

"என்ன முழிக்க, சொல்லு அவங்ககிட்ட" என்றேன் மகேசைப் பார்த்து. அவள் முந்தானை இல்லாததால் கழுத்துத் துணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். பையன்தான் சொன்னான்.

தியென் அம்மா அடுப்பை விட்டு வந்தார். என் கிண்ணத்திலிருந்தே ஒரு துண்டு கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நீளமாக ஒன்று சொன்னார். சம்பந்தி சிரித்ததில் கையில் இருந்த விறகு விழுந்தது.

"என்ன சொல்லுதாங்க?"

மகேசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "உப்பு சரியாத்தான் இருக்காம். நாலு நாளு பட்டினி போட்டதுல உங்க நாக்குதான் கெட்டுப்போச்சாம்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் பாக்கியம், எப்போது வந்தாளோ, அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டு.

கீழே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையன் கடிகாரத்தைப் பார்த்தான். நிற்கட்டும் என்றேன். சம்பந்தி தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் என் கிண்ணத்தை அந்த அம்மாவிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னேன்.